ஓடாத இரை

இந்தக் காலத்தில் எல்லாரும் ஓடுகிறார்கள். பின்னால் நாய் துரத்தவில்லை, வீடு தீப்பிடிக்கவில்லை. ஆனாலும் விடிந்ததும் விடியாததுமாகக் கலர் கலராக ஷூவை மாட்டிக்கொண்டு, காதில் எதையோ செருகிக்கொண்டு, செத்தேன் பிழைத்தேன் என்று ஓடுகிறார்கள். எங்கேதான் போகிறார்கள் என்று பார்த்தால், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து வாசலில் குனிந்து நின்று மூச்சு வாங்குகிறார்கள். ஆயுசு முழுக்க லாரி ஓட்டிய மனுஷருக்கு இது எப்படி விளங்கும்? ஓடுவதற்கு வண்டி இருக்கிறது, மனுஷன் உட்காரப் பிறந்தவன் என்பது டிரைவரின் கட்சி. வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் தெருவில் அவருக்கு டிரைவர் என்றே பெயர். கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்துபோய், ஓடுவதென்ன, கொஞ்சம் எட்டிப்போட்டு நடப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

அப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த மாப்பிள்ளை ஓட்டப் பைத்தியம். நல்ல பையன், கெட்ட பழக்கம் கிடையாது, இந்த ஒன்றைத் தவிர. கையில் ஒரு வாட்ச் கட்டியிருந்தார். சேர்ந்தாற்போல் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் அது கீச்சுக் கீச்சென்று கத்தும். உடனே மாப்பிள்ளை சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கூடத்தைச் சுற்றி வருவார். "உன் புருஷனை நீ மேய்க்கிறியா, அந்த வாட்ச் மேய்க்குதா?" என்று டிரைவர் மகளிடம் கேட்பார். மகள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

அந்த மகள்தான் ஒருநாள் மத்தியானம், வயிற்றில் பிள்ளையைச் சுமந்துகொண்டு, முகமெல்லாம் வீங்கிப்போய் வந்து நின்றாள். வேட்டைக் குலத்தார் இந்த வருஷத்து இரையாக மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம்.

ரத்தம் குடிக்கிற குலங்கள் ஊரில் பல உண்டு. அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. மற்ற குலத்தாரெல்லாம் காலத்தோடு ஒத்துப்போய்விட்டார்கள். மருந்துக் கடையில் பாக்கெட்டாக வாங்கி, ஃபிரிட்ஜில் வைத்து, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். வேட்டைக் குலம் மட்டும் மசியவில்லை. பயந்து ஓடுகிற இரையைத் துரத்திப் பிடித்துக் கழுத்தைக் கவ்வினால்தான் அது ரத்தம், மற்றதெல்லாம் சாக்கடைத் தண்ணி என்பது அவர்கள் கொள்கை. நிற்கிற இரையின் மேல் பல் வைத்தவனை அன்றைக்கே குலத்தை விட்டுத் தள்ளி, பாக்கெட் குடிக்கிறவர்களோடு சேர்த்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய கேவலம் அவர்களுக்குக் கிடையாது.

இவ்வளவு பெரிய கொள்கையைச் சும்மா காப்பாற்ற முடியுமா? அதற்கு ஒரு தலைமையகம் இருந்தது. காட்டுமிராண்டித்தனப் பாதுகாப்புக் குழு இருந்தது. உறுமல் தரக்கட்டுப்பாட்டுக் குழு இருந்தது. துரத்தல் துணைக்குழு என்று ஒன்று, அதற்கும் இதற்கும் சண்டை வந்தால் தீர்த்துவைக்க இன்னொன்று. வருஷம் பூராவும் பண்ணை முயலைக் கூண்டிலிருந்து திறந்துவிட்டுக் காலத்தை ஓட்டுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை மைதானத்தில் மனுஷ வேட்டை. நகர நிர்வாகம் எந்தக் காலத்திலோ சம்மதித்தது. சூரியன் மதிலுக்குப் பின்னால் இறங்கினால் ஆரம்பம், தெருவிளக்கு எரிந்தால் முடிவு.

கூத்து என்னவென்றால், இரையாகப் போவதற்கு ஊரில் போட்டா போட்டி. தேர்வானவனுக்கு மார்பில் குறுக்கே ஒரு பட்டுப்பட்டை, புது ஷூ, தலைமையகத்துச் சுவரில் படம். முன்பு தேர்வானவர்களின் படமெல்லாம் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். ஆட்களைத்தான் காணோம்.

"அழுது புரண்டு தடுக்க வேண்டியதுதானே?" என்று டிரைவர் கேட்டார்.

"அவருக்கு சந்தோஷமா இருக்குப்பா," என்றாள் மகள். "அதுதான் எனக்கு பயமா இருக்கு."

சாயங்காலம் மாப்பிள்ளை புது ஷூவோடு வந்தார். பட்டையைக் கழற்றவே இல்லை. தன்னை யாராலும் பிடிக்க முடியாது, தெருவிளக்கு எரிகிற வரைக்கும் ஓடிக் காட்டினால் சரித்திரத்தில் பெயர் நிற்கும் என்று விளக்கினார். "இந்தப் பேட்டையிலேயே வேகமா ஓடுறவன் நான்தான் மாமா" என்றார்.

"போன வருஷம் படமாப் போனவனும் அதைத்தான் சொல்லியிருப்பான், மாப்பிள்ளை," என்றார் டிரைவர்.

மாப்பிள்ளை பதில் சொல்வதற்குள் வாட்ச் கத்தியது. எழுந்து சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் டிரைவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தலைமையகத்துக்குப் போனார். வெயில் ஆகாதவர்கள் என்பதால் ஆபீஸ் தரைக்குக் கீழே இருந்தது. படி இறங்க இறங்க ஃபினாயில் வாசனை. டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு அம்மாள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே இரண்டு வரிசை. பயந்தவர்கள் ஒரு பக்கம், இனிமேல்தான் பயப்படப்போகிறவர்கள் ஒரு பக்கம். எதில் நிற்பது என்று தெரியாமல் டிரைவர் நடுவில் நின்றார். அப்படி நடுவில் நிற்க விதியில் இடமில்லை என்று அந்த அம்மாள் பல்லைக் காட்டினாள். சிரிப்பா மிரட்டலா என்று தெரியவில்லை.

விஷயத்தைச் சொன்னார். அவள் பின்னல் ஊசியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே பார்த்து உறுமினாள். உள்ளே இருந்தவன் அடுத்த அறைக்கு உறுமினான். அங்கிருந்து அதற்கடுத்த அறைக்குப் போயிற்று. இந்தக் குலத்தில் எழுத்து கிடையாது. எல்லாரும் படித்தவர்கள்தான், சிலர் வெளியூர் போய்ப் பட்டமெல்லாம் வாங்கியவர்கள். ஆனால் காட்டுமிராண்டிகள் பேனா பிடிப்பது குலத்துக்கு அழகில்லை என்று குழு முடிவெடுத்திருந்தது. கையெழுத்துப் போடச் சொல்லாத ஆபீசை டிரைவர் அன்றைக்குத்தான் பார்த்தார். அதனாலேயே அவருக்குச் சந்தேகம் இரண்டு பங்காகிவிட்டது. உறுமல் ஏழெட்டு அறை தாண்டியபோது உணவு இடைவேளை வந்துவிட்டது. உறுமல் அங்கேயே நின்றது. இவரும் நின்றார்.

இடைவேளை முடிந்து முதலில் வந்தவன் பயமுறுத்தல் அதிகாரி. ஒல்லியாக, மூக்கில் ஜலதோஷத்தோடு இருந்தான். தலைவரைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் முன்கூட்டியே பயந்திருக்க வேண்டுமாம், அது நடைமுறையாம். முகத்துக்கு நேராக வந்து கோரைப்பல்லைக் காட்டிச் சீறினான். நடுவில் ஒரு தும்மல் போட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து சீறினான்.

"தம்பி, வலது பக்கத்துப் பல்லு ஆடுது. பாத்துக்கோங்க," என்றார் டிரைவர்.

அவன் நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு, கவலையோடு வழிவிட்டான்.

தலைவர் புலித்தோல் போட்ட நாற்காலியில் இருந்தார். தோலின் ஓரத்தில் துவைக்கும் முறை அச்சிட்ட துணி தொங்கிக்கொண்டிருந்தது. ஆள் நல்ல வாட்டசாட்டம். மகள் வயிற்றுப்பிள்ளைக்காரி, பையனை விட்டுவிடுங்கள் என்று டிரைவர் கேட்டார். தலைவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, மெல்லச் சிரித்தார்.

"பெரியவரே, நாங்க காட்டுமிராண்டிங்க. எங்களுக்கு இரக்கம் கிடையாது, சட்டம் கிடையாது. சட்டம் கிடையாதுன்றதுதான் எங்க சட்டத்துல முதல் விதி. அதை மாத்தணும்னா பொதுக்குழுவுல பெரும்பான்மை உறுமல் வேணும்."

"பொதுக்குழு எப்பங்க கூடும்?"

"வேட்டை முடிஞ்சு, சாப்பிட்ட பிறகு."

டிரைவர் விடவில்லை. வேறு வழியே இல்லையா என்று கேட்டார். ஒன்று இருந்தது. வீட்டில் மூத்தவர் இரையின் இடத்தில் நிற்கலாம். ஆனால் முதலில் தேர்வானவனும் மைதானத்தை விட்டுப் போகக் கூடாது. தெருவிளக்கு எரிகிற வரை அவன் ஓர் அடி ஓடினாலும் அவனும் இரைதான்.

டிரைவர் யோசித்துப் பார்த்தார். பிறக்கிற பிள்ளைக்கு அப்பன் இல்லாவிட்டால் கஷ்டம். தாத்தா இல்லாவிட்டால் ஒரு படத்தைக் காட்டிச் சமாளித்துக்கொள்ளலாம். "அப்ப என்னைப் போட்டுக்கோங்க," என்றார். பழுத்த ரத்தம் என்று தலைவருக்கு ஏக மகிழ்ச்சி. அவருக்கும் ஒரு பட்டையும் ஒரு ஜோடி ஷூவும் கொடுத்தார்கள். பட்டையை வாங்கிக்கொண்டார். ஷூவை அங்கேயே வைத்துவிட்டார். சும்மா கொடுக்கிற எதையும் அவர் காலில் போட்டுக்கொள்வதில்லை.

வேட்டை நாள் வந்தது. மைதானத்தைச் சுற்றிக் கம்பிவேலி. கேலரியில் குலத்துப் பெண்கள் சால்வையும் பைனாகுலருமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவே வேட்டைக் கூட்டம், ஆடைகளைக் கிழித்துக்கொண்டு நின்றது. கிழிசல் எல்லாருக்கும் ஒரே இடத்தில், ஒரே அளவில் இருந்தது. பாதுகாப்புக் குழுவின் சீருடை அது. சூரியன் மதிலுக்குப் பின்னால் இறங்கியிருந்தது.  டிரைவருக்குப் பயம் இல்லை என்று யார் சொன்னது? மகளிடம் மத்தியானமே விடைபெற்றுக்கொண்டு, லாரிச் சாவி மாட்டியிருந்த பழைய ஆணியைக்கூட ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை. மாமனாரைத் தள்ளிவிட்டுத் தான் மட்டுமே இரையாக முடியவில்லையே என்று அவருக்கு வருத்தம். ஆனாலும் பந்தயக்காரனைப் போலக் குனிந்து, விரலைத் தரையில் ஊன்றி, விசில் சத்தத்துக்குத் தயாராக இருந்தார். பழக்கதோஷம்.

விசிலுக்கு முன்னால் தலைவர் பேச எழுந்தார்.

"நாம் மிருகங்கள். நாம் புயல்கள். நம்மை எவராலும் கட்டுப்படுத்த முடியாது என்பதை இந்த வேளையில் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன். நாம் மிருகங்களாக நீடிக்க ஒத்துழைப்பு நல்கிவரும் நகர நிர்வாகத்துக்கும், கம்பிவேலி அமைத்துத் தந்தவர்களுக்கும், ஒலிபெருக்கி அமைப்பாளருக்கும் நமது குலத்தின் சார்பில் நன்றி."

அதோடு விட்டாரா? கொள்ளுத்தாத்தா காலத்து வேட்டையிலிருந்து ஆரம்பித்தார். பாட்டனார் பல்லைப் பற்றிச் சொன்னார். உறுமல் குழுவின் சாதனைகளைச் சொல்லி, விட்டுப்போனவர்கள் பெயரையும் சேர்த்துக்கொண்டார். பசியில் கூட்டம் நெளிந்தது. டிரைவரின் இடது முழங்கால் முதலில் முனகியது, பிறகு குத்தியது, கடைசியில் பூட்டிக்கொண்டது. இனி ஒரு நிமிஷம் நின்றால் விழுந்துவிடுவோம் என்ற நிலையில் அவர் மாப்பிள்ளையின் தோளை இரண்டு கையாலும் பற்றினார்.

விசில் ஊதியது.

மாப்பிள்ளை பாய்ந்திருப்பார். பாயத்தான் பார்த்தார். ஆனால் தோளில் ஒரு மூட்டை கனத்துக்கு மாமனார் தொங்கிக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை, முட்டி பிடிச்சுக்கிச்சு. கொஞ்சம் தாங்குங்க," என்று அவர் அப்படியே சரிந்து புல்லில் உட்கார்ந்தார். மாப்பிள்ளையும் சேர்ந்து உட்கார வேண்டியதாயிற்று.

கூட்டம் ஊளையிட்டுக்கொண்டு புழுதி பறக்க வந்தது. இவர்கள் அருகில் வந்து, பிரேக் போட்டதைப் போல் நின்றது. பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்கள் மேல் மோதினார்கள். டிரைவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கழுத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். எல்லாரும் சுற்றி நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவன் முதலில் வாய் வைப்பான், எவனைப் பிடித்துக் கொடுக்கலாம் என்று ஒவ்வொருவனும் மற்றவன் பல்லையே கவனித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் டிரைவருக்கு விஷயம் உறைத்தது. மலைப்பாதையில் லாரியைத் துரத்திக்கொண்டு வருகிற நாயை அவர் நிறையப் பார்த்தவர். உயிரைக் கொடுத்துக் குரைக்கும். வண்டியை நிறுத்தினால், அடுத்து என்ன செய்வதென்று அதற்குத் தெரியாது. டயரை மோந்து பார்க்கும். "மோந்து பாக்கிறதுன்னா பாத்துட்டுப் போங்கப்பா," என்று காலை நீட்டிக்கொண்டார்.

பயமுறுத்தல் அதிகாரியை முன்னால் தள்ளினார்கள். சீறினான், தும்மினான், தரையில் புரண்டான். பலனில்லை. துரத்தல் துணைக்குழுவில் இருவர், ஓடுவது எப்படி என்று இவர்களுக்கு ஓடிக் காட்டினார்கள். ஓடுகிறவர்களைப் பார்த்ததும் கூட்டத்துக்குப் பொறுக்கவில்லை. பாதிப் பேர் அவர்களைத் துரத்திக்கொண்டு போய், விசில் ஊதித் திருப்பிக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஒருவன் காதில் கடிபட்டிருந்தது. அது வேட்டையில் சேருமா என்று இரண்டு குழுக்கள் ஓரமாகப் போய் உறுமிக்கொண்டிருந்தன.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் வாட்ச் கத்தியது.

கீச்சுக் கீச்சென்று, நீ ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறாய் என்று அது சொன்னது. மாப்பிள்ளையின் கால் தானாகத் துடித்தது. தொடை விறைத்தது. புட்டம் புல்லை விட்டு எழும்பிவிட்டது. கூட்டத்தில் எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது. எச்சில் ஒழுகுகிற சத்தம்கூடக் கேட்டது. இத்தனை வருஷத்தில் மாப்பிள்ளையிடம் ஒரு மரியாதைக் குறைவான சொல் சொல்லாத டிரைவர், "உக்காருடா" என்று சட்டையைப் பிடித்து இழுத்தார். இழுத்த கையோடு வாட்சை உருவி, தூர வீசினார்.

வாட்ச் புல்லில் துள்ளித் துள்ளி, கத்திக்கொண்டே போயிற்று. சின்னதுதான். ஆனால் பயந்து கத்திக்கொண்டு ஓடுகிற ஒன்றை இந்தக் கூட்டம் பார்த்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. மொத்தப் பேரும் அதன் மேல் விழுந்தார்கள். கேலரியில் பெண்கள் எழுந்து நின்று ஊளையிட்டார்கள். புழுதி அடங்கியபோது பயமுறுத்தல் அதிகாரி அடியிலிருந்து எழுந்து வந்தான். வாயில் வாட்ச் இருந்தது. வலது பக்கத்துப் பல் இல்லை.

தலைவர் மைக்கை விட்டுவிட்டு இறங்கி வந்தார். வானம் மங்கிக்கொண்டிருந்தது. கையோடு கொண்டுவந்திருந்த புலித்தோலை மடித்துப் போட்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, கேலரிக்குக் கேட்காதபடி பேசினார்.

"பெரியவரே, ஒரு நாலு அடி ஓடுங்க. மனசு வைங்க. எங்க வீட்லயும் பொம்பளைங்க, பிள்ளைங்க பாத்துட்டிருக்காங்க. நாங்களும் உக்காந்தே இருக்கிறவங்கதான், எங்களுக்கு மட்டும் மூச்சு வாங்காதா? எங்களால பிடிக்க முடியும்னு நம்பி நீங்க வேகமா ஓடிட வேண்டாம். போன வருஷத்து ஆளு நல்ல ஓட்டக்காரன். அவனையே வேலி மூலையில மடக்கித்தான் பிடிச்சோம். அதுவும் அவன் வழுக்கி விழுந்தப்புறம். ஷூவோட அடியை நாங்களே வழவழன்னு தேய்ச்சுத்தான் குடுக்கிறோம். உங்களுக்கும் குடுத்தோமே, நீங்கதான் வச்சிட்டுப் போயிட்டீங்க."

டிரைவர் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைதான் அசைந்தார். மெதுவாகக் காலை மடக்கி, ஷூவின் அடியைத் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார். குழந்தையின் கன்னம்போல் வழவழவென்று இருந்தது. முடிச்சை அவிழ்த்தார். இரண்டையும் கழற்றி ஜோடியாகத் தலைவர் முன்னால் வைத்தார். அப்புறம் பட்டையையும் கழற்றி அதன் மேல் வைத்துவிட்டு, மாமனார் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்து டிரைவர் பார்த்ததில்லை.

வேலிக்கு வெளியே தெருவிளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன.

கூட்டத்திலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. தலைவர் மட்டும் தளரவில்லை. சட்டென்று எழுந்து, கிழிசலைச் சரிசெய்துகொண்டு மைக்கைப் பிடித்தார். "நமது குலத்தின் பயங்கரத்தைக் கண்டு இரைகள் ஓடும் சக்தியையே இழந்துவிட்டன. ஓட்டத்தையே நாம் வேட்டையாடிவிட்டோம். நமது வரலாற்றில் இதுவே மாபெரும் வெற்றி," என்றார். எல்லாக் குழுக்களும் உறுமி ஆமோதித்தன. கேலரியில் கைதட்டல். பிறகு முயல் கூண்டுகளைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

டிரைவர் மாப்பிள்ளை தோளைப் பிடித்து எழுந்தார். இருவரும் வாசலை நோக்கி நடந்தார்கள். கூட்டத்தில் சில பேர் பின்னாலேயே வந்தார்கள். ஒன்றும் செய்யவில்லை, சும்மா வந்தார்கள். இவர் நின்றால் நின்றார்கள், நடந்தால் நடந்தார்கள். தலைவர் கூடவே வந்து, அடுத்த வருஷம் சிறப்பு விருந்தினராக வரவேண்டும், நாற்காலி போட்டுத் தருகிறோம் என்று வருந்தி அழைத்தார். வேட்டை முடிந்துவிட்டது, இனிப் பயமே வேண்டாம், குலத்தின் வாக்கு என்றார்.

"வாக்கையும் உறுமித்தான் குடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு டிரைவர் வெளியே வந்தார்.

எதிரே பஸ் ஸ்டாப். வீட்டுப் பக்கம் போகிற பஸ் அப்போதுதான் வந்து நின்றது. நிறுத்தத்தைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி நின்றதால், காத்திருந்த சனமெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. இவர்கள் பின்னால் வந்த குலத்தார் அத்தனை பேருக்கும் மூச்சு அடைத்தது. ஒருவன் முதுகை வளைத்தான். எல்லாரும் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். இவர்களெல்லாம் முறைப்படி தேர்வான இரைகள் இல்லையே, அவசரக் கூட்டம் போடாமல் எப்படி என்று தலைவர் கையைப் பிசைந்தார்.

"மாமா, பஸ் போயிடும். நாலே எட்டு, ஓடிடலாம்," என்றார் மாப்பிள்ளை. "அவ தனியா அழுதுட்டிருப்பா."

"அழட்டும். நாம போய்ச் சேர்ந்தா நிறுத்திடுவா. நடங்க."

பஸ் புறப்பட்டுப் போய்விட்டது. டிரைவர் அதைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வெறுங்காலில் தார் ரோட்டில் அவரோடு நடந்தார். நடை முதலில் அவருக்கு வரவில்லை. இரண்டு எட்டுக்கு ஒருமுறை முந்திப் போய்விட்டு, நின்று, மாமனார் வந்து சேர்ந்ததும் மறுபடி நடந்தார்.

"அதான் முடிஞ்சதுன்னு தலைவரே சொல்லிட்டாரே மாமா," என்றார் ஒரு கட்டத்தில்.

"அவன் சொல்லுவான்," என்றார் டிரைவர். "நீங்க மெதுவா வாங்க."

ஒவ்வொரு விளக்குக் கம்பத்தடியிலும் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு, முட்டியைத் தடவிக்கொண்டு, அவர் மறுபடி நடந்தார். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. பின்னால் ஒருத்தரையும் காணோம். அதையும் அவர் நம்பவில்லை.